லொபி வரைக்கும் வந்த பரிசோதகர்

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், எலிவேற்றர்களுக்கு எதிர்ச் சுவரில், கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டிய ஒரு அறிவித்தல் பலகை இருக்கிறது. ஏழு வருடமாக அந்த வழியால் போய் வருகிறேன், அதை நின்று வாசித்தது ஒரு ஜனவரி இரவில்தான். இரண்டு எலிவேற்றர்களில் ஒன்று பழுது, மற்றது மேலே எங்கேயோ நின்றுவிட்டது, இரண்டு கையிலும் மரக்கறிப் பை, பார்க்க வேறு ஒன்றும் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் நாலைந்து தாள்கள். துப்புரவு நேரசூசி, அவசரத்துக்கு அழைக்கும் இலக்கம், பூச்சி மருந்து அடிக்க வரும் நாள். நடுவில் மாநகரசபையின் பெயரோடு ஒரு தாள்: இந்தக் கட்டடம் மதிப்பீட்டில் எடுத்த புள்ளி 83 வீதம்.

அதே நேரம் ஒன்பதாம் மாடியில் என் அம்மா இரண்டு சுவெற்றர் போட்டு, கம்பளியால் காலை மூடிக்கொண்டு ஸோஃபாவில் இருந்தார். படுக்கையறையில் வைத்திருந்த வெப்பமானி 17 டிகிரி காட்டிக்கொண்டிருந்தது. குசினிச் சிங்குக்குக் கீழே ஒழுகும் தண்ணீரைப் பிடிக்க வெறும் ஐஸ்கிறீம் வாளி ஒன்று வைத்திருந்தோம், படுக்கப் போகுமுன் ஒருதரம், விடிய எழும்பினதும் ஒருதரம் எடுத்து ஊற்ற வேண்டும். ஈரம் இருக்கிற இடத்துக்குக் கரப்பான் தானாக வரும், வந்திருந்தது. இந்த வீட்டை உள்ளே வைத்துக்கொண்டு கட்டடம் எப்படி 83 எடுத்தது என்று எனக்கு விளங்கவில்லை. தாளைப் படம் எடுத்துக்கொண்டு மேலே போனேன். அன்று இரவே தேடத் தொடங்கினேன், அடுத்த மூன்று மாதமும் அதே வேலைதான்.

ரொறன்ரோவில் வாடகைத் தொடர்மாடிகளைக் கண்காணிக்க ஒரு திட்டம் இருக்கிறது. ரென்ட்சேஃப்டிஓ என்று பெயர். 2017 ஜூலை 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. மூன்று மாடியோ அதற்கு மேலோ உள்ள, பத்து வீடுகளோ அதற்கு மேலோ உள்ள வாடகைக் கட்டடம் எல்லாம் இதற்குள் வரும். மொத்தம் 3,500 கட்டடங்களுக்கு மேல். மாநகரசபையின் சமூக வீட்டுக் கட்டடங்களும் இதில் அடக்கம். உரிமையாளர் வருடாவருடம் கட்டடத்தைப் பதிவு செய்து, வீடொன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்ட வேண்டும், தொடங்கிய காலத்தில் அது வீடொன்றுக்கு 10 டொலர் 60 சதம். பிறகு மாநகரசபையின் பரிசோதகர்கள் வந்து கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துப் புள்ளி போடுவார்கள். முதலில் இருபது விடயங்களைப் பார்த்தார்கள், 2023இல் அதை ஐம்பதாகக் கூட்டி, எல்லாக் கட்டடத்தையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பது என்று மாற்றினார்கள். அதோடு, வாடகைக்கு இருப்பவர்களின் முறைப்பாட்டில் கண்டுபிடிக்கப்பட்ட மீறல்கள் திருத்தப்படாமல் கிடந்தால் அதற்கும் புள்ளி குறையும் என்று வைத்தார்கள். இந்தக் கடைசி விடயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

83 எப்படி வந்தது என்பதற்கு விடை சின்னது. அந்த மதிப்பீட்டில் பரிசோதகர் பார்ப்பது பொது இடங்களை. லொபி, படிக்கட்டு, நடைபாதை விளக்கு, லோண்டரி அறை, குப்பை போடும் குழாய், கொதிகலன் அறை, வாகனத் தரிப்பிடம், வெளிச்சுவர், பல்கனியின் கைபிடி. வீட்டுக்குள் வருவதில்லை. நாங்கள் வாழுகிற இடத்தை, அம்மா குளிரில் இருக்கிற இடத்தை, வாளி வைத்திருக்கிற இடத்தை அந்தப் புள்ளி பார்க்கவே இல்லை. 

இதை வாசித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் அந்த ஐம்பது விடயமும் தேவையில்லாதவை என்று சொல்ல முடியாது. 2018 ஆகஸ்ட் 21 அன்று பார்லிமென்ட் தெரு 650ஆம் இலக்கக் கட்டடத்தில் மின்சாரக் கோளாறால் தீப்பற்றியது எங்கள் ஆட்கள் பலருக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். சென்ட் ஜேம்ஸ் டவுன். இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பிறகு இந்த நகரத்துக்கு வந்த தமிழரில் எத்தனையோ பேர் முதன்முதலில் மெத்தை விரித்துப் படுத்தது அந்த உயர்ந்த கட்டடங்களில்தான், ஒரு அறையில் ஆறு பேர், ஏழு பேர் என்று. அந்தத் தீயில் யாருடைய குசினியும் காரணம் இல்லை, கட்டடத்தின் மின்சார அமைப்பே எரிந்தது. 1,500 பேருக்கு மேல் அன்று கையில் கிடைத்ததோடு வெளியேறினார்கள், திரும்பிப் போக ஏறக்குறைய ஒன்றரை வருடம் எடுத்தது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு கட்டடமும் மின்சாரப் பராமரிப்புத் திட்டம் ஒன்று வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. ஆகவே கீழே பூட்டிக் கிடக்கிற மின்சார அறையை ஒருவர் வந்து பார்ப்பது சின்ன விடயம் இல்லை. என் கேள்வியெல்லாம் அங்கே மட்டும் ஏன் நிற்கிறார்கள் என்பதுதான்.

விதியில் என்ன இருக்கிறது என்று முழுவதும் வாசித்துப் பார்த்தேன். மாநகரச் சட்டத்தொகுப்பில் 354ஆம் அத்தியாயம். ஆங்கிலம் கொஞ்சம் கடினம், ஆனால் பொறுமையாக இருந்து வாசித்தால் விளங்கும். அதில் வீட்டுக்குள் இருப்பவருக்கு உதவுகிற விடயங்கள் நான் நினைத்ததைவிடக் கூட இருந்தன, அதைப் பற்றி எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் கவலை. திருத்தம் கேட்டு வருகிற ஒவ்வொரு கோரிக்கையையும் உரிமையாளர் பதிந்து வைக்க வேண்டும். வெப்பம், தண்ணீர், மின்சாரம் போன்ற அவசரமானவற்றுக்கு 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை வேண்டும். மற்றவற்றுக்கு 7 நாள். பூச்சி, எலி இருக்கிறதா என்று பொது இடங்களை 30 நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். யாராவது பூச்சி என்று அறிவித்தால் 72 மணி நேரத்துக்குள் வந்து பார்க்க வேண்டும். பூச்சி இருக்கிற வீட்டைப் புதிதாக ஒருவருக்கு வாடகைக்குக் கொடுக்கவே கூடாது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 21 டிகிரி இருக்க வேண்டும் என்பது வேறொரு விதி, அதுவும் இந்த மாநகரசபையின் விதிதான்.

24 மணி நேரம். நான் எங்கள் கட்டடத்தைப் பராமரிக்கும் சுப்பரின்டென்டன்டிடம் வெப்பம் இல்லை என்று சொல்லி அப்போது பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. மூன்று தரம் சொன்னேன். ஒருதரம் லொபியில், ஒருதரம் அவர் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போகும்போது, ஒருதரம் தொலைபேசியில். நல்ல மனிதர், ஒவ்வொரு முறையும் 'பார்க்கிறேன்' என்றார். நிர்வாக அலுவலகத்துக்குப் போய்க் கேட்டபோது அங்கே இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டில் இருந்து ஒரு கோரிக்கையும் வரவில்லையே என்றார். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே ஒன்றும் பதியப்படவில்லை. நான் வாயால் சொன்னது எல்லாம் எலிவேற்றர் கதவு மூடினதோடு போய்விட்டது. பத்தொன்பது நாள் அம்மா குளிரில் இருந்ததற்கு ஒரு தாள் கூட இல்லை.

அன்றுதான் எழுதத் தொடங்கினேன். திகதி, நேரம், வீட்டு இலக்கம், எந்த அறை, வெப்பமானி காட்டிய அளவு, அதன் படம். மின்னஞ்சலில் அனுப்பி, அதையே அச்சடித்து அலுவலகத்தில் கொடுத்து, கிடைத்தது என்று ஒரு கையெழுத்தும் வாங்கினேன். கையெழுத்துக் கேட்டபோது அந்தப் பெண்ணின் முகம் கொஞ்சம் மாறியது, கேட்கவே எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது, ஆனாலும் கேட்டேன். 24 மணி நேரம் போயிற்று, ஒருவரும் வரவில்லை. அடுத்த நாள் காலை 311க்கு அழைத்தேன்.

311 என்றால் மாநகரசபையின் பொது இலக்கம், 180க்கு மேற்பட்ட மொழிகளில் மொழிபெயர்ப்பாளர் உதவி உண்டு. ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் எடுத்தவுடன் 'தமிழ்' என்று மட்டும் சொன்னால் போதும், கொஞ்சம் காத்திருக்க வேண்டும், ஆள் வருவார். எனக்கு முதலில் அவர்கள் கேட்ட கேள்வி, உரிமையாளருக்கு எழுத்தில் அறிவித்தீர்களா என்பதுதான். அறிவித்தேன் என்று சொல்ல முடிந்தபோது என் குரலே மாறியதை நான் உணர்ந்தேன். ஒரு இலக்கம் தந்தார்கள். அதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன்.

நாங்கள் காத்திருந்த அந்த நாட்களில்தான் பக்கத்து வீட்டு மாமி வந்தார். மாமிக்கு எழுபது தாண்டிவிட்டது, தனிய இருக்கிறார், மகன் கல்கரியில். இருபத்திரண்டு வருடமாக அதே வீடு. மாநகரசபைக்கு நான் அழைத்த விடயம் அம்மா வழியாக அவருக்குப் போயிருக்க வேண்டும்.

"ஏன் தம்பி உனக்குத் தேவையில்லாத வேலை? நாளைக்கு எழும்பு எண்டு சொன்னா எங்க போறது?"

"அப்படி எழுப்ப ஏலாது மாமி, சட்டம் இருக்கு" என்றேன்.

"சட்டம் இருக்குத்தான். வாடகை எவ்வளவு எண்டு தெரியுமோ இப்ப வெளியில?"

தெரியும். அதுதான் விடயமே. ஒன்ராறியோவில் ஒருவர் ஒரே வீட்டில் தொடர்ந்து இருக்கும் வரைக்கும், 2018 நவம்பர் 15க்கு முன்பே ஆட்கள் குடியிருந்த கட்டடம் என்றால், வாடகையை மாகாணம் சொல்லுகிற வீதத்துக்கு மேல் சும்மா கூட்ட முடியாது. 2023, 2024, 2025 மூன்று வருடமும் அது 2.5 வீதம். ஆனால் ஆள் எழும்பிப் போன அடுத்த நாள் அதே வீட்டுக்கு எவ்வளவும் கேட்கலாம், எந்தக் கட்டுப்பாடும் இல்லை. மாமி இருபத்திரண்டு வருடத்துக்கு முன் வந்த வாடகையில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிய தொகையைக் கட்டுகிறார், அவருடைய ஓய்வூதியத்துக்கு அது ஒன்றுதான் கட்டுப்படியாகும். அவர் போனால் அந்த வீட்டுக்கு வருகிற வாடகை இரண்டு மடங்குக்குக் கிட்ட. அது அவருக்கும் தெரியும், அலுவலகத்துக்கும் தெரியும். வாடகைக் கட்டுப்பாடு அவரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது, அதே கட்டுப்பாடுதான் அவர் வாயையும் கட்டிப்போட்டிருக்கிறது. தன் வீட்டுக் குறைகளைப் பற்றி மாமி ஒருவருக்கும் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான், அறியாமை என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

மாமிக்கு நான் வாசித்துக் காட்டியது ஒன்று உண்டு. ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தில் 83ஆம் பிரிவு. (எங்கள் கட்டடப் புள்ளியும் 83, கலவர வருடமும் 83, ஏனோ அந்த எண் என்னை விடுவதாக இல்லை.) வீட்டின் பராமரிப்பு, சுகாதாரம், பாதுகாப்பு பற்றிய சட்டத்தை உரிமையாளர் மீறினார் என்று ஒருவர் அரசாங்க அதிகாரிகளிடம் முறையிட்டதற்காகவே அவரை எழுப்பக் கேட்டால், நில உரிமையாளர் வாடகையாளர் சபை (வாடகை வழக்குகளைத் தீர்க்கும் மாகாண அமைப்பு) அதை மறுத்தே ஆக வேண்டும் என்று அதில் இருக்கிறது. மறுக்கலாம் என்று இல்லை, மறுக்க வேண்டும். இதைத் தமிழில் சொன்னபோது மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அந்த வரி எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டச் சொன்னார். காட்டினேன். ஆங்கிலத்தில் இருந்த அந்த வரியை எழுத்துக் கூட்டி அவரே வாசித்தார்.

ஆனால் மாமியின் பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். முறைப்பாட்டுக்காக எழுப்புகிறேன் என்று எந்த உரிமையாளரும் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. பெரிய திருத்த வேலை, மகனுக்கு வீடு தேவை என்று வேறு காரணம் வரும். சபைக்குப் போய் வாதாட வேண்டும், அதற்கு நாளும் மாதமும் எடுக்கும், எழுபது வயதில் அதைத் தாங்குவது லேசான காரியம் இல்லை. ஆகையால் தனி ஒருவர் முறையிட்டால்தான் வீட்டுக்குள் பரிசோதகர் வருவார் என்ற ஏற்பாடே பிழை என்பது என் கருத்து. பயந்தவர் முறையிட மாட்டார், அவருடைய வீடுதான் எல்லாவற்றையும்விட மோசமாக இருக்கும். மதிப்பீட்டுக்கு வரும்போதே பத்து வீட்டில் ஒரு வீடு என்று எடுத்து, இருப்பவரின் சம்மதத்தோடு உள்ளே போய்ப் பார்த்தால் யார் முறையிட்டார் என்ற கேள்வியே எழாது. இது நடக்காத காரியமா? லொஸ் ஏஞ்சலஸில் 1998இல் தொடங்கிய திட்டத்தில் மாநகரப் பரிசோதகர்கள் ஒழுங்குமுறையாக வாடகை வீடுகளுக்கு உள்ளேயே போய்ப் பார்க்கிறார்கள். சொன்ன நாளுக்குள் திருத்தாத உரிமையாளரின் கட்டடத்தில் வாடகையைக் குறைத்து, அதையும் மாநகரசபையின் கணக்கில் கட்ட இடம் கொடுக்கிற இன்னொரு திட்டமும் அங்கே உண்டு. 

இங்கே அப்படி இல்லை என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ரொறன்ரோவில் திருத்தவில்லை என்ற கோபத்தில் வாடகையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் வாடகை கட்டவில்லை என்பதே உங்களை எழுப்பக் காரணமாகிவிடும். வாடகையைக் கட்டிக்கொண்டே சபையில் பராமரிப்புக்கான விண்ணப்பம் போடலாம், குறைகள் நடந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும், ஏற்றுக்கொண்டால் கட்டிய வாடகையில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும்.

இன்னொரு விடயம், இது எனக்கு நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. இந்தத் திட்டம் ஒரு பதிவு மட்டும்தான், உரிமம் இல்லை. ஏகோர்ன் என்ற வாடகையாளர் அமைப்பு பல வருடமாகக் கேட்டது, வாடகைக் கட்டடம் நடத்த உரிமம் வேண்டும், மோசமாக நடத்தினால் அதைப் பறிக்க வேண்டும் என்று. 2008 டிசம்பரில் மோசமான கட்டடங்களைத் தணிக்கை செய்யும் திட்டம் ஒன்று வந்தது, பிறகு 2017இல் இந்தப் பதிவு. ஸ்காபரோவில் ஒரு கொத்துரொட்டிக் கடை திறக்க வேண்டுமென்றால் உரிமம் எடுக்க வேண்டும், பரிசோதகர் குசினிக்குள்ளேயே போய்ப் பார்ப்பார், பார்த்ததை 2001இல் இருந்து பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டையாக வாசலில் ஒட்டுகிறார்கள். சிவப்பு என்றால் கடையைப் பூட்ட வேண்டும். ஒரு பிளேட் கொத்து சாப்பிடுகிற பத்து நிமிடத்துக்கு இவ்வளவு பாதுகாப்பு. முந்நூறு குடும்பம் இரவு பகலாக இருக்கிற இடத்துக்குப் பதிவும், கண்ணாடிக்குள் ஒரு தாளும்.

உரிமம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று முன்பு நினைத்தேன், இப்போது அவ்வளவு உறுதி இல்லை. அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்தில் வாடகை உரிமம் இருக்கிறது. கட்டடத்தின் நிலையைப் பொறுத்து மூன்று படி: நன்றாக இருந்தால் எட்டு வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை, நடுத்தரம் என்றால் ஐந்து வருடம், மோசம் என்றால் வருடாவருடம். நல்ல ஏற்பாடு. அங்கே 2017இல் பல கட்டடங்கள் வைத்திருந்த ஒரு உரிமையாளரின் உரிமங்களை மாநகரசபை பறித்தது. பறித்த பிறகு அந்த வீடுகளில் இருந்தவர்கள் எங்கே போவது? உரிமம் இல்லாத கட்டடத்தில் ஆள் இருக்கக் கூடாது என்றால் தண்டனை கடைசியில் குடியிருந்தவன் தலையில்தான் விழும். கோர்கொரன் என்ற பகுதியில் ஐந்து கட்டடங்களில் இருந்த குடும்பங்கள் எழும்ப மறுத்து, வருடக்கணக்காகப் போராடி, 2020இல் அந்த ஐந்து கட்டடத்தையும் ஒரு இலாபநோக்கற்ற அமைப்பின் உதவியோடு கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கிவிட்டார்கள். அதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஆனால் எல்லா ஊரிலும் அப்படி நடக்காது. உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் இருந்தால், பறித்த அடுத்த நாள் கட்டடத்தை யார் நடத்துவது என்பதற்கும் முதலே ஏற்பாடு இருக்க வேண்டும்.

இங்கே மாநகரசபைக்கு அதிகாரமே இல்லை என்று இல்லை. 1,00,000 டொலர் வரை குற்றப்பணம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. உரிமையாளர் திருத்தாவிட்டால் மாநகரசபையே ஆளைப் பிடித்துத் திருத்தி, செலவைச் சொத்து வரியோடு சேர்த்து அறவிடலாம். மதிப்பீட்டில் மிகக் குறைந்த புள்ளி எடுத்த கட்டடத்துக்கு முழுத் தணிக்கை வரும், அப்போது மாநகரசபை ஊழியர்கள் லொபியில் மேசை போட்டு இருந்து வீட்டுக்குள்ளே உள்ள குறைகளையும் கேட்டு எழுதுவார்கள். 83 எடுத்த எங்கள் லொபிக்கு அந்த மேசை வரப் போவதில்லை.

சொல்ல மறந்துபோகக் கூடாத ஒரு கூட்டம் இருக்கிறது. பேஸ்மென்டில் இருப்பவர்கள். எங்கள் ஆட்களில் எத்தனை குடும்பம், எத்தனை மாணவர்கள் நிலத்துக்குக் கீழே ஒரு சின்ன ஜன்னலோடு இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ரென்ட்சேஃப் அவர்களுக்கு இல்லை. தனி வீடு, பேஸ்மென்ட், ஆட்கள் சொந்தமாக வாங்கி வாடகைக்கு விடும் கொண்டோ, எதுவும் இந்தத் திட்டத்துக்குள் வராது. 21 டிகிரி விதியும் கட்டடப் பராமரிப்பு விதியும் அவர்களுக்கும் பொருந்தும், அவர்களும் 311க்கு அழைக்கலாம். ஆனால் அனுமதி இல்லாமல் கட்டிய பேஸ்மென்ட் என்றால் பரிசோதகர் வந்து தீ விதிக்கு ஒவ்வாது என்று அதையே மூடிவிடுவாரோ என்ற பயம் வேறு. வீட்டுக்காரரும் பெரும்பாலும் எங்கள் ஆள், கோயிலில் பார்க்க வேண்டியவர், ஊரில் தெரிந்த குடும்பம். அவரை எதிர்த்து எப்படி முறையிடுவது? எனக்கு இதற்கு விடை இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன், பேஸ்மென்டை வாடகைக்கு விடுகிற அண்ணாமாரும் அக்காமாரும் புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா, வெளியே போக இரண்டாவது வழி இருக்கிறதா என்று இன்றைக்கே இறங்கிப் போய்ப் பாருங்கள்.

சரி, என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். பரிசோதகர் வந்தார். இளம் பெண், தோளில் ஒரு பை, கையில் டப்லெட். சப்பாத்தைக் கழற்றவா என்று கேட்டார், அம்மா வேண்டாம் என்று சொல்லியும் பிளாஸ்டிக் உறையைச் சப்பாத்துக்கு மேல் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். அறையின் நடுவில் நின்று ஒரு சின்னக் கருவியைப் பிடித்து, திரையைப் பார்த்து, எழுதினார். 17.4. ஹீற்றரைத் தொட்டுப் பார்த்தார், ஒரு பக்கம் இளஞ்சூடு, மறு பக்கம் பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர். சிங்குக்குக் கீழே குனிந்து வாளியையும் படம் எடுத்தார், அம்மாவுக்கு அதுதான் வெட்கமாகப் போய்விட்டது, வாளியைத் துடைத்து வைத்திருப்பேனே என்றார் என்னிடம் மெதுவாக. வேறு ஏதும் இருக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டபோது நான் கரப்பானைப் பற்றிச் சொன்னேன். அதையும் எழுதினார். மொத்தம் இருபது நிமிடம். உரிமையாளருக்கு அறிவித்தல் போயிற்று.

நான்காம் நாள் குழாய் வேலைக்காரர் வந்தார். எங்கள் வரிசையில் மேலே போகிற குழாயில் ஒரு வால்வு அடைத்துப்போய்க் கிடந்திருக்கிறது, அதை மாற்றினார்கள். எங்களுக்கு மேலே இருந்த வீடுகளுக்கும் அன்றைக்குத்தான் சரியாகச் சூடு போனது என்று பிறகு தெரிய வந்தது, அவர்களில் ஒருவரும் முறையிட்டிருக்கவில்லை. சிங்குக் குழாய் இரண்டு வாரத்தில் சரியானது. கரப்பானுக்கு மூன்று தரம் மருந்து அடித்தார்கள், இப்போதும் இடைக்கிடை ஒன்று தலை காட்டுகிறது, ஏனென்றால் பக்கத்து வீட்டுக்கு அடிக்கவில்லை. பக்கத்து வீடு மாமியின் வீடு.

முன்பு மனதில் வைக்கச் சொன்னேனே, அது இங்கே வருகிறது. முறைப்பாட்டில் பதியப்பட்ட மீறல் திருத்தப்படாமல் இருந்தால் கட்டடத்தின் புள்ளி குறையும். மாநகரசபை அந்தப் புள்ளிகளை இணையத்தில் எல்லோரும் பார்க்கத் திறந்து வைத்திருக்கிறது. அதாவது வீட்டுக்குள்ளே நடப்பது அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்ச் சேர ஒரு வழி இருக்கிறது, அது நாங்கள் எழுதுகிற தாள் வழியாக மட்டும். இன்னொரு பயனும் உண்டு. பெரிய திருத்த வேலை செய்தேன், வழமையான வீதத்துக்கு மேலே வருடத்துக்கு 3 வீதம் வரை, மூன்று வருடத்துக்குக் கூட்ட வேண்டும் என்று உரிமையாளர் சபைக்கு விண்ணப்பிக்கலாம். எங்கள் கட்டடத்தில் பல்கனிக்கு அப்படி ஒருதரம் கூட்டினார்கள். ஆனால் மாநகரசபை செய்யச் சொன்ன பாரதூரமான திருத்தங்களைத் தவணை முடிந்தும் செய்யாமல் வைத்திருந்தால் அந்த விண்ணப்பத்தைச் சபை தள்ளிவிடலாம். அப்போது கையில் இருக்க வேண்டியது இந்தத் தாள்கள்தான். கோரிக்கையின் பிரதி, 311 தந்த இலக்கம், படங்கள், திகதிகள். ஒரு பழைய பிஸ்கட் தகரத்தில் போட்டு வைத்திருக்கிறேன்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாமி கதவைத் தட்டினார். கையில் ஒரு கொப்பி. உள்ளே வந்து இருந்து, தேத்தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொப்பியைத் திறந்து காட்டினார். தமிழில், குண்டு குண்டு எழுத்தில், திகதி போட்டு எழுதியிருந்தார். குளியலறைக் கூரையில் ஈரம். பல்கனிக் கதவு மூடாது, துணி அடைச்சிருக்கு. அடுப்பில் இரண்டு பக்கம் எரியாது. ஜனவரியில் இருந்து எழுதி வந்திருக்கிறார், நான் அந்த வரியைக் காட்டின கிழமையில் இருந்து. அடுப்பு எத்தனை வருடமாக அப்படி என்று கேட்டேன். நாலு வருடம் என்றார்.

ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். அச்சடித்துக் கொடுத்தபோது கையெழுத்து எங்கே போடுவது என்று கேட்டு, கண்ணாடியைச் சரிசெய்து, முழுப் பெயரையும் நிதானமாக எழுதினார். பிறகு இரண்டு பேரும் கீழே போனோம், எலிவேற்றர் இரண்டும் அன்றைக்கு வேலை செய்தன. அலுவலகத்தில் அதே பெண்தான் இருந்தார். நான் பேச வாயெடுக்குமுன் மாமி தாளை நீட்டி, அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கிடைத்தது என்று எழுதி ஒரு கையெழுத்து வேண்டும் என்று கேட்டார்.